எடின்பரோவுக்கு அடியில் ஒரு ராத்திரி: பேய்ச் சுற்றுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் தலைநகரம் எடின்பரோ. அங்கே பழைய நகரத்துக்குக் கீழே மறைந்துபோன அறைகளும் சந்துகளும் இருக்கின்றன. இருட்டிய பிறகு ஒரு வழிகாட்டியோடு அவற்றுக்குள் இறங்கி, அங்கே வாழ்ந்தவர்களின் கதையையும் ஆவிக் கதைகளையும் கேட்டுவிட்டு வருவதைத்தான் பேய்ச் சுற்று என்கிறார்கள். நான் ஐந்து முறை இறங்கியிருக்கிறேன். முதல் முறை தனியாக, மற்ற நாலு முறையும் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு. புறப்படுவதற்கு முன்னால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

தரைக்குக் கீழே ஒரு ஊர் எப்படி வந்தது? யாராவது தோண்டினார்களா?

தோண்டவில்லை. மேலே மேலே கட்டியதில் கீழே இருந்தது மறைந்துபோனது.

பழைய எடின்பரோ ஒரு நீண்ட மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மேற்கு முனையில் கோட்டை, கிழக்கு முனையில் ஹோலிரூட் அரண்மனை, இரண்டையும் இணைத்துச் சரிந்து இறங்கும் ராயல் மைல் தெரு. ஒரு மீன் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். ராயல் மைல் நடு முள் என்றால், இரண்டு பக்கமும் சரிவில் இறங்கும் ஒடுக்கமான சந்துகள் பக்க முட்கள். இந்தச் சந்தை அங்கே 'குளோஸ்' என்பார்கள். 1513-ல் ஃபிளாடன் போரில் ஸ்காட்லாந்து தோற்றது. அடுத்து இங்கிலாந்துப் படை நம் ஊருக்கே வந்துவிடும் என்ற பயத்தில் நகரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். மதிலுக்குள் ஜனம் பெருகியது, இடம் பெருகவில்லை. வீடுகள் மாடி மேல் மாடியாக உயர்ந்தன. பள்ளத்துப் பக்கம் நின்று எண்ணினால் பத்து மாடி வரும் வீடுகள்கூட இருந்தன.

18-ஆம் நூற்றாண்டில் நடந்த இரண்டு கட்டுமானங்கள்தான் இன்றைக்கு நாம் இறங்கிப் பார்க்கும் இடங்களை உண்டாக்கின. 1753-ல் ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற பெரிய வணிகக் கட்டடத்தைத் தொடங்கினார்கள். அதற்காகச் சரிவில் இருந்த சில சந்துகளின் மேல்மாடிகளை இடித்தார்கள். கீழ்மாடிகளை அப்படியே விட்டு, அவற்றையே அஸ்திவாரமாக்கி மேலே கட்டினார்கள். அதில் அடியில் போனதுதான் மேரி கிங்ஸ் குளோஸ். இன்றைக்கு அதன் தலைமேல் நகராட்சி மன்றக் கட்டடம் நிற்கிறது.

இன்னொன்று சவுத் பிரிட்ஜ். 1785 முதல் 1788 வரை, பள்ளத்தில் கிடக்கும் கவ்கேட் தெருவைத் தாண்டிப் போக 19 வளைவுகள் கொண்ட பாலம் கட்டினார்கள். பாலத்தின் இரண்டு பக்கமும் ஒட்டியே கடைகள் எழும்பியதால் ஒரே ஒரு வளைவைத் தவிர மற்ற எல்லாம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. அந்த வளைவுகளின் உள்வெளியைத் தடுத்து, தளம் போட்டு, சுமார் 120 அறைகளாக்கினார்கள். பேய்ச் சுற்று என்றாலே பெரும்பாலும் இந்த நிலவறைகள்தான்.

அந்த அறைகளில் யார் இருந்தார்கள்?

எனக்கு இந்த ஊரில் மிக முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வந்தவர்கள் தொழில்காரர்கள். செருப்புத் தைப்பவர்கள், கத்தி செய்பவர்கள், மதுக்கடைக்காரர்கள். மேலே பாலத்து ஓரம் கடை, கீழே பட்டறையும் கிடங்கும். ஆனால் பாலத்தை அவசரமாகக் கட்டியதில், மேல்தளத்தில் தண்ணீர் இறங்காதபடி சரியாகப் பூசவில்லை. மேலே பெய்த மழையெல்லாம் கல்லுக்குள் ஊறிக் கீழே சொட்டியது. சரக்கு கெட்டது. பத்து வருஷத்துக்குள்ளேயே தொழில்காரர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்யத் தொடங்கினார்கள்.

அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு, வேறு எங்கும் போக வழியில்லாதவர்கள் வந்தார்கள். ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாடான ஹைலண்ட்ஸ் பகுதியில் ஆட்டு மேய்ச்சலுக்காகக் குடியானவர்களை நிலத்தைவிட்டு விரட்டிய காலம் அது. அயர்லாந்திலிருந்தும் பிழைப்பு தேடி வந்துகொண்டே இருந்தார்கள். ஜன்னல் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது. புகை போக வழி கிடையாது. மீன் எண்ணெய் விளக்கின் நாற்றத்தில், சொட்டும் கூரைக்குக் கீழே, ஒரே அறையில் பல பேர். பிள்ளைகள் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தார்கள்.

பிறகு ஒரு கட்டத்தில் அறைகளை இடிபாடு கொட்டி நிரப்பி மூடிவிட்டார்கள். ஊரே அவற்றை மறந்தும்போனது. 1980-களில் ஸ்காட்லாந்து அணிக்கு ஆடிய முன்னாள் ரக்பி வீரர் நாரி ரோவன் அங்கே ஒரு சுரங்க வழியைக் கண்டுபிடித்தார். அதற்குள்ளும் ஒரு கதை உண்டு. 1989 டிசம்பரில் எடின்பரோவுக்கு ஆட வந்த ருமேனிய அணியின் கிறிஸ்டியன் ரதுகானு, கூடவே வந்த ரகசியப் போலீசிடமிருந்து தப்ப ரோவன் இந்த நிலவறை வழியாகத்தான் உதவினார். அதே மாதத்தில் ருமேனியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சியே கவிழ்ந்தது.

1990-களில் அறைகளிலிருந்து இடிபாட்டை அள்ளி வெளியே கொண்டுவந்தார்கள். உடைந்த பாத்திரங்கள், மருந்துக் குப்பிகள், பொம்மைகள், கணக்கில்லாத சிப்பி ஓடுகள் கிடைத்தன. அந்தக் காலத்தில் ஆளி என்கிற அந்தச் சிப்பி ஏழைகளின் சாப்பாடு. ஒரு முறை எங்கள் வழிகாட்டி ஒரு ஓட்டை என் கையில் வைத்தார். வெளிப்பக்கம் சொரசொரவென்று கரடு, உள்பக்கம் வழுவழுப்பு, ஓரத்தில் திறக்கும்போது கத்தி பட்ட சின்னப் பிளவு. அதற்கு முன்பு வரை நான் ஆவிக் கதைகளைத்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கத்தியைப் பிடித்தவர் யார் என்பதுதான் மனசில் ஓடியது.

கொள்ளைநோய் வந்தபோது ஜனங்களை உயிரோடு உள்ளே வைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்களாமே?

மேரி கிங்ஸ் குளோஸைப் பற்றிக் காலங்காலமாகச் சுற்றும் கதை இது. உண்மை இல்லை. 1645-ல் கொள்ளைநோய் எடின்பரோவைச் சூறையாடியது உண்மை. நோய் வந்த வீட்டைப் பூட்டி வைத்ததும், ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டி அடையாளம் காட்டியதும் உண்மை. ஆனால் அந்த வீடுகளுக்குச் சாப்பாடும் கரியும் போய்க்கொண்டிருந்தன. பலரை ஊருக்கு வெளியே குடிசை போட்டு அங்கே மாற்றினார்கள். சந்தில் அதற்குப் பிறகும் ஜனம் வாழ்ந்திருக்கிறது. கடைசியாக இருந்தவர் ஆண்ட்ரூ செஸ்னி என்ற ரம்பம் செய்பவர். அவர் வெளியேறியது 1902-ல்!

நோயாளிகளைப் பார்க்க நகரம் அமர்த்திய முதல் மருத்துவர் அந்த நோயிலேயே இறந்துபோக, அடுத்து வந்தவர் ஜார்ஜ் ரே. நீண்ட தோல் அங்கி, பறவை மூக்கு மாதிரி முகமூடி, அதற்குள் வாசனை மூலிகை. நெறிகட்டியைக் கீறி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது அவர் வைத்தியம். கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று நம்பித்தான் அந்த உடையைப் போட்டார்கள். ஆனால் கெட்டித் தோல், நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சியை அண்டவிடாததால், தெரியாமலே அது அவரைக் காப்பாற்றியிருக்கலாம். எப்படியும் செத்துவிடுவார் என்று நினைத்துத்தான் நகரசபை பெரிய சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டது என்றும், பிழைத்துவிட்ட ரே அந்தப் பணத்துக்காக வருஷக்கணக்கில் நடையாய் நடந்தார் என்றும் வழிகாட்டிகள் சொல்வார்கள்.

மேரி கிங் யார் என்றும் கேட்பார்கள். 1630-களில் அங்கே வாழ்ந்த துணி வியாபாரி. கணவர் இறந்த பிறகு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தானே தொழில் நடத்தியவர். அந்தக் காலத்தில் ஒரு தெருவுக்குப் பெண் பெயர் வைத்தது சாதாரண விஷயமில்லை.

சுற்று எப்படி நடக்கும்? ஆரம்பம் முதல் முடிவு வரை சொல்லுங்களேன்.

பல சுற்றுகள் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெர்கட் கிராஸ் அருகே தொடங்கும். முன்பு அரசாணைகளை வாசித்ததும், தண்டனைகளை நிறைவேற்றியதும் இந்த இடத்தில்தான். கருப்பு அங்கியில் வழிகாட்டி வந்து ஆளை எண்ணுவார். முதல் அரை மணி நேரம் மேலே, சந்துகளில் நடை. நல்ல வழிகாட்டியாக இருந்தால் இந்த நடையிலேயே பாதி ஊரைப் புரியவைத்துவிடுவார்.

அப்புறம் பிளேர் தெருவிலோ நிட்ரி தெருவிலோ ஒரு சாதாரணக் கதவு முன்னால் நிற்பீர்கள். இரவு விடுதிக்குப் போகிற இளைஞர்கள் பக்கத்தில் சிரித்துக்கொண்டு போவார்கள். வழிகாட்டி சாவியைப் போட்டுத் திறப்பார். படியில் கால் வைத்ததும் முதலில் தெரிவது வாசனை. ஈரக் கல்லும் பழைய சுண்ணாம்பும் கலந்த வாசனை. நாலு படி இறங்கியதும் தெருச் சத்தம் துணி போட்டு மூடினமாதிரி அமுங்கிவிடும். தரை மண்ணும் கல்லுமாக மேடு பள்ளம். தலைக்கு மேல் வளைந்த கூரை, அங்கங்கே ஈரம் மினுங்கும்.

அறைக்கு அறை நின்று கதை சொல்வார்கள். ஒரு கட்டத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள். கண் பழகட்டும் என்று காத்திருப்பீர்கள். பழகாது. ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லாத இடத்தில் கண்ணுக்குப் பழக எதுவும் இல்லை. அந்த ஒரு நிமிஷத்தில் பக்கத்தில் நிற்பவரின் மூச்சும் எங்கோ ஒரு சொட்டும் மட்டும் கேட்கும். என் கழுத்துப்பட்டைக்குள் ஒரு சொட்டு விழுந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. 230 வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடைக்காரர்களைத் துரத்திய அதே ஒழுகல்.

மொத்தம் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். சில சுற்றுகள் கடைசியில் நிலவறையிலேயே ஒரு பானத்தோடு முடியும்.

அங்கே இருப்பதாகச் சொல்லும் பேய்கள் யார் யார்?

நிலவறைகளில் மூன்று பேர் பெயர் அடிக்கடி வரும். 'மிஸ்டர் பூட்ஸ்' என்கிற நெட்டையான ஆள்: முழங்கால் வரை பூட்ஸ், கனத்த காலடிச் சத்தம், வெளியே போ என்று காதில் முணுமுணுப்பான். ஜாக் என்ற சின்னப் பையன்: கையைப் பிடிப்பான், சட்டையை இழுப்பான். அப்புறம் யாரையும் தொந்தரவு செய்யாத ஒரு செருப்புத் தைப்பவர். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். பேயானாலும் வேலையை விடவில்லை பாருங்கள்.

மேரி கிங்ஸ் குளோஸில் இருப்பது ஆனி. 1992-ல் ஐகோ கிபோ என்ற ஜப்பானிய ஆவி ஊடகர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக வந்தார். ஒரு அறையில் நுழைய முடியாமல் தவித்து, கால்சட்டையை ஒரு குழந்தை இழுப்பதாகவும், தன் பொம்மை தொலைந்துவிட்டது என்று அது அழுவதாகவும் சொன்னார். மேலே போய் ஒரு பொம்மை வாங்கிவந்து அங்கே வைத்தார். அதைக் கேள்விப்பட்டு வந்தவர்களெல்லாம் பொம்மை வைக்க ஆரம்பித்தார்கள். அப்படிச் சேர்ந்தவை குழந்தைகள் மருத்துவமனைக்கான தர்மத்துக்கு உதவியிருக்கின்றன. ஆனி என்று ஒரு குழந்தை இருந்ததோ இல்லையோ, அவள் பேரைச் சொல்லி நோய்ப்பட்ட பிள்ளைகளுக்கு நல்லது நடந்திருக்கிறது.

ஒரு நிலவறையில் தரையில் வட்டமாகக் கற்கள் அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். அது பழங்காலத்துச் சமாச்சாரம் இல்லை, விக்கா என்ற இந்தக் காலத்து மந்திரச் சமயத்தைச் சேர்ந்த வழிபாட்டுக் குழு ஒன்று வைத்தது. அதற்குள் கால் வைக்காதீர்கள் என்று வழிகாட்டி எச்சரிப்பார். நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்தவர் பூஜை செய்த இடம், மிதிக்காமல் சுற்றிப் போவதே மரியாதை.

நிஜமாகவே ஏதாவது வருமா? நீங்கள் பார்த்தீர்களா?

நான் உருவம் எதையும் பார்த்ததில்லை. ஒரு முறை முதுகில் சில்லென்று காற்று பட்டது. அறைகளுக்கு இடையே வாசல் திறந்தே கிடப்பதால் காற்று வந்திருக்கலாம். என்னோடு வந்த சித்தி, யாரோ தன் முந்தானையை இழுத்ததாக இன்றுவரை சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. அவருக்கு அப்படித் தோன்றியது நிஜம்.

இதை ஆராய்ச்சியாகவே செய்தவர்கள் உண்டு. உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் வைஸ்மன் 2001-ல் எடின்பரோ அறிவியல் விழாவின்போது, இதே சவுத் பிரிட்ஜ் அறைகளில் 10 அறைகளைத் தேர்ந்தெடுத்து, 200-க்கும் மேற்பட்டவர்களை ஒவ்வொருவராக உள்ளே நிறுத்தி, என்ன உணர்ந்தீர்கள் என்று எழுதச் சொன்னார். எந்த அறைக்குப் 'பேய் அறை' என்று பேர் இருந்ததோ, அந்த அறைகளிலேயே விசித்திர அனுபவங்கள் அதிகமாக வந்தன. அந்தப் பேர் முன்கூட்டித் தெரியாதவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அப்படியானால் பேய் உண்டு என்று ஆகிவிடுமா? வைஸ்மன் அறைகளை அளந்தும் பார்த்தார். அறையின் அளவு, கூரை உயரம், வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பவற்றோடு அந்த அனுபவங்கள் சேர்ந்து போயின. இருட்டும் அளவும் நம் உடம்பை உஷார்ப்படுத்துகின்றன, மிச்சத்தை மனசு நிரப்பிக்கொள்கிறது என்பது அவர் முடிவு. 2003-ல் கட்டுரையாக வந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிமார் சொன்னதுதான். ஆனால் அந்த அறைகள் எல்லோரையும் ஒரே மாதிரி அரளவைப்பதில்லை, சில அறைகள் மட்டும் அதிகம் செய்கின்றன என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆள் மறைந்திருந்து திடீரென்று பாய்ந்து பயமுறுத்துவார்களா?

நடத்துபவர்களைப் பொறுத்தது. சில சுற்றுகளில் வேஷம் போட்ட நடிகர் ஒருவர் இருட்டில் காத்திருப்பார். சிலர் கதையை மட்டும் நம்பி நடத்துவார்கள். முன்பதிவு செய்யும்போதே விவரத்தில் எழுதியிருக்கும். எனக்கு இரண்டாவது வகைதான் பிடிக்கும். அலறினால் அந்த நிமிஷத்தோடு போய்விடும். மெதுவாகச் சொல்லும் கதை வீட்டுக்குக் கூடவே வரும்.

சித்திரவதைக் கதைகளெல்லாம் உண்மையா?

நிறைய உண்மை, அதனால்தான் அவற்றைக் கேட்டுச் சிரிக்கும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஸ்காட்லாந்தில் சூனியத் தடைச் சட்டம் 1563 முதல் 1736 வரை இருந்தது. 3,800-க்கும் மேற்பட்டவர்கள் மேல் சூனியக் குற்றம் சாட்டினார்கள், பெரும்பாலும் பெண்கள். தூங்கவிடாமல் வைத்து வாக்குமூலம் வாங்குவார்கள். கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகு உடலை எரிப்பார்கள். எடின்பரோவில் அதற்கான இடம் கோட்டை வாசலில் இருந்த காசில்ஹில். 2022 மார்ச் 8-ஆம் தேதி, அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அந்த மனிதர்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். கோட்டை முன்வெளியில் அவர்கள் நினைவாக ஒரு சின்ன நீரூற்று இருக்கிறது, சுவரோரமாக, கவனிக்காமலே தாண்டிப் போய்விடலாம். போவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அங்கே நில்லுங்கள்.

பிணம் விற்ற பர்க்கும் ஹேரும் இந்த நிலவறைகளில்தான் உடல்களை ஒளித்தார்களா?

அப்படிச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு, ஆதாரம் கிடையாது. அவர்கள் கொன்றது வெஸ்ட் போர்ட் பக்கம் இருந்த தங்கள் விடுதியில்தான் பெரும்பாலும். 1828-ல் 16 பேர். உடல்களை உடற்கூறு ஆசிரியர் ராபர்ட் நாக்ஸுக்கு விற்றார்கள். அந்தக் காலத்துப் பிணத் திருடர்கள் மாதிரிக் கல்லறையைத் தோண்டவே இல்லை, தோண்டும் வேலை மிச்சமாகட்டும் என்று உயிரோடு இருந்தவர்களையே கொன்றார்கள். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகி விடுதலையானான். பர்க்கை 1829 ஜனவரி 28-ல் தூக்கிலிட்டு, அவன் உடலையும் அறுத்துப் பாடம் நடத்தினார்கள். அவன் எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழக உடற்கூறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

மேரி கிங்ஸ் குளோஸில் 5 வயதுக்குக் கீழே விடமாட்டார்கள். ராத்திரிச் சுற்றுகளில் சில 18 வயதுக்கு மேல்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்றால் சாயங்காலத்துக்கு முந்திய வரலாற்றுச் சுற்றுக்குக் கூட்டிப் போங்கள். அதே அறைகள், கதைதான் வேறு. ராத்திரி பத்து மணிக்குச் சொல்லும் கதையைக் கேட்டுவிட்டு ஒரு குழந்தை ஒரு வாரம் தூங்காமல் கிடந்தால் அது யாருக்கும் நல்லதில்லை.

எனக்கு மூடிய இடம் என்றால் மூச்சு முட்டும். முட்டி வலியும் உண்டு.

முன்னதைப் பற்றித் தயங்காமல் வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் நடுவில் வெளியே கொண்டுவந்து விடுவார்கள். அவர்களுக்கு இது புதிதில்லை. விளக்கு அணைக்கும்போது வாசலுக்குப் பக்கமாக நின்றால் பாதி பாரம் குறையும். முட்டி விஷயம் கஷ்டம்தான். கல்படிகள், சமமில்லாத தரை, ஈரம், உட்கார இடமும் கிடையாது. சக்கர நாற்காலியில் நிலவறைக்குள் போக முடியாது. கீழே கழிப்பறையும் இல்லை, புறப்படுவதற்கு முன்பே போய்விட்டு வந்துவிடுங்கள்.

அங்கே போனால் ஏதாவது தொற்றிக்கொண்டு வருமா? வந்ததும் தலைக்குக் குளிக்கணுமா?

சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. கேட்பவர்கள் பயந்துதான் கேட்கிறார்கள். நான் ஐந்து முறை போய்வந்ததில் எனக்கும் கூட வந்தவர்களுக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. சித்தி கைப்பையில் திருநீறு வைத்துக்கொண்டு வந்தார், இறங்குமுன் பூசிக்கொண்டார், எனக்கும் பூசிவிட்டார். அதில் மனசுக்குத் தெம்பு வரும் என்றால் செய்யுங்கள். மேலே வந்ததும் அவர் அந்த அறைகள் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "பாவம், இந்தக் குளிரில் பிள்ளைகளை வெச்சுக்கிட்டு எப்படித்தான் இருந்தாங்களோ"ன்னார். அதற்குமேல் அவருக்குப் பயம் இல்லை. குளிப்பது உங்கள் விருப்பம்.

என்ன உடுத்திக்கொள்வது?

கோடையிலும் ஒரு கம்பளிச் சட்டை. வெளியே வெயில் அடித்தாலும் கீழே ஒரே குளிர்தான். வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ. சேலையோ நீளமான ஆடையோ என்றால் படியில் ஒரு கை பிடித்துத் தூக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். மழைச் சட்டையும் வேண்டும், ஏனென்றால் நடையின் முதல் பாதி வானத்துக்குக் கீழே.

எந்த மாதம், எத்தனை மணிச் சுற்று நல்லது?

இது பலர் யோசிக்காத விஷயம். எடின்பரோ வடக்கே ரொம்பத் தள்ளி இருப்பதால் ஜூன் மாதம் சூரியன் இறங்கவே ராத்திரி 10 மணி ஆகிவிடும். ஒன்பது மணிச் சுற்றுக்குப் போனால் மேலே நடக்கும்போது பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். டிசம்பரிலோ பிற்பகல் 3:40-க்கே சூரியன் இறங்கிவிடும். ஐந்து மணிச் சுற்றுகூட நடுராத்திரி போல இருக்கும். நவம்பரையும் பிப்ரவரியையும் நான் சொல்வேன். கூட்டம் குறைவு. மூடுபனி இறங்கிவிட்டால் சந்தின் அடுத்த முனை தெரியாது. அந்த மாதிரி ராத்திரி வாய்த்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

ஆகஸ்டில் விழாக் காலம். 1947 முதல் நடக்கும் கலை விழாக்களுக்கு உலகமே வந்து இறங்கும். வெகு நாள் முன்பே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைக்காது. வெள்ளி, சனி ராத்திரிகளைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு சனிக்கிழமை நான் பதிவு செய்திருந்த சுற்றில் ஆளை அளவுக்கு மீறிச் சேர்த்துவிட்டார்கள். பாதிப்பேர் குடித்துவிட்டுக் கல்யாணத்துக்கு முந்திய கும்மாளத்தில் இருந்தார்கள். பின்வரிசையில் நின்ற எங்களுக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை. ஊரிலிருந்து முதல் தடவை வந்த நண்பரை அன்றைக்குத்தான் கூட்டிப் போயிருந்தேன். அவருக்காக மனசு கேட்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி கூட்டிப் போனேன், ஒன்பது பேர்தான் இருந்தோம்.

எவ்வளவு செலவாகும்?

பெரியவர்களுக்கு 20 பவுண்டை ஒட்டி வரும், சுற்றைப் பொறுத்துக் கூடும் குறையும். அன்பளிப்பு கட்டாயமில்லை. நன்றாகச் சொன்ன வழிகாட்டிக்குக் கொடுத்தால் சந்தோஷப்படுவார். ஸ்காட்லாந்து வங்கிகள் தனியாக நோட்டு அச்சிடுகின்றன. மிச்சமாகும் அந்த நோட்டுகளை அங்கேயே செலவழித்துவிடுங்கள், இங்கிலாந்துக்குப் போனால் சில கடைகளில் வாங்கத் தயங்குவார்கள்.

அவர்கள் பேசும் ஆங்கிலம் புரியுமா?

முதல் பத்து நிமிஷம் சிரமம். 'ர' எல்லாம் உருண்டு வரும். காது பழகிவிடும். முன்வரிசையில் நில்லுங்கள், வாயைப் பார்த்தால் பாதி புரியும். கேள்வி கேட்டால் நிறுத்தி நிதானமாகத் திருப்பிச் சொல்வார்கள்.

போட்டோ எடுக்கலாமா?

நிலவறைகளில் பெரும்பாலும் விடுவார்கள், மேரி கிங்ஸ் குளோஸில் நீங்களாக எடுக்கக் கூடாது. எடுத்த படத்தில் வெள்ளை உருண்டைகள் தெரிந்தால் அது ஆவி இல்லை, ஃபிளாஷ் வெளிச்சம் தூசியிலும் ஈரத் துளியிலும் பட்டுத் திரும்புவது. விளக்கை அணைத்திருக்கும்போது மட்டும் போனைத் தொடாதீர்கள். ஒரு திரையின் வெளிச்சம் இருபது பேரின் இருட்டைக் கெடுத்துவிடும்.

முடிந்து வெளியே வந்ததும் தனியாக அறைக்குத் திரும்பப் பயமாக இருக்காதா?

வெளியே வந்தால் கவ்கேட் முழுக்க மதுக்கடைக் கூட்டமும் பாட்டும்தான். அவற்றில் சில கடைகளே பழைய வளைவறைகளுக்குள் இருக்கின்றன. இரவுப் பேருந்துகளும் உண்டு. சந்துகளில் குறுக்கு வழி தேடாமல் பெரிய தெருவோடே நடங்கள். அது பேய்க்காக இல்லை, ஈரக் கல்படியில் இருட்டில் கால் சறுக்கும்.

மறுநாள் பகலில் வேறு எதையாவது பார்க்கணுமா?

ஆமாம், தயவுசெய்து. காலையில் கவ்கேட் தெருவுக்கு நடந்து போய், சவுத் பிரிட்ஜின் கண்ணுக்குத் தெரியும் அந்த ஒரே வளைவுக்குக் கீழே நின்று மேலே பாருங்கள். கல்லின் இடுக்கில் ஈரம் கசிந்து கருத்த கோடுகள் இறங்கியிருக்கும். தலைக்கு மேலே பேருந்துகள் போகும். மேலே இருந்தால் அது பாலம் என்றே தெரியாது, இரண்டு பக்கமும் கடைகள் உள்ள சாதாரணத் தெரு. எனக்கும் முதல் தடவை தெரியவில்லை. ஒரு வாரமாக அந்தத் தெருவில்தான் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தேன்.